பத்து விரல் மடக்கும் வகுப்பு

தலையில் அடிபட்டவர்களின் வீட்டாருக்குப் பாடம் நடத்தும் வேலையில் சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, தேர்ச்சி பெற்று வெளியே போகிற மாணவரும் கிடையாது.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் எவ்வளவோ பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

என் கதை சுருக்கமானது. நான் பிலோமினா, பினாங்குத் தீவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் சூசை, கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். பாலம் வராத காலம் அது. தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறிப் போய் வருவார். ஒரு நாள் காலை ஜுரு முச்சந்தியில் ஒரு லாரி அவரைத் தட்டிவிட்டது. பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது எல்லாரையும் அடையாளம் தெரிந்தது, சொன்னதெல்லாம் புரிந்தது, வாயில் சொல் மட்டும் வரவில்லை. வலது கையும் பாதிதான் சொன்னபடி கேட்டது. டாக்டர் அவரை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லி மருந்துப் பொட்டலத்தோடு வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் அந்த அதிர்ஷ்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

சூசை இருபது வருடம் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசித்தவர். மைக் கெட்டுப்போன ஞாயிறுகளில்கூடக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல். வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் பூசை முடிந்ததும் வாசக மேடையைக் கைகாட்டி, “நான்... அங்க...” என்றார். அடிபட்ட பிறகு அவர் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு சொற்கள் அவை. இவரை மறுபடி அந்த மேடையில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். வகுப்பும் சண்டையும் பிறகு வந்தவை.

மருந்து போடுவாங்களா?

ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி ஆங்கிலத்தில் நாலு பக்கம் நகலெடுத்துக் கொடுத்தாள். அடிபட்டவர் ஏன் சீக்கிரம் களைத்துப்போகிறார், ஏன் மறக்கிறார், ஏன் காரணமில்லாமல் கோபப்படுகிறார் என்றெல்லாம் அதில் இருந்தது. என் வீட்டில் நடப்பதை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. அதைத் தமிழில் எழுதினேன். இதைத் தெரியாமல் இன்னும் எத்தனை பேர் வீட்டில் அடித்துக்கொள்கிறார்களோ என்று தோன்றியது. ஃபாதரைக் கேட்டதும் டவுனில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையைச் சனிக்கிழமை மூன்று மணிக்குக் கொடுத்தார். கிறிஸ்மஸ் குடில் பொம்மைகளைப் போட்டு வைக்கும் அறை. ‘மூளையில் அடிபட்டவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வகுப்பு’ என்று எழுதி ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் ஒட்டினேன். மூன்று சனிக்கிழமை நானும் சூசையும் ஒரு காது உடைந்த குடில் ஆடும்தான் உட்கார்ந்திருந்தோம். மூளை என்று பார்த்ததும் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று நினைத்து எல்லாரும் ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்.

தாளைக் கிழித்துவிட்டு ‘தலையில் அடிபட்டவர்களுக்கு’ என்று மாற்றி எழுதினேன். அடுத்த சனிக்கிழமை ஒருவர் வந்தார். நெற்றியில் புதுப் பிளாஸ்திரி. எனக்கு வந்த சந்தோஷத்தில் எப்போது அடிபட்டது என்றுகூடக் கேட்கவில்லை. நாலு பக்கத்தையும் முக்கால் மணி நேரம் நடத்தினேன். அவரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். அன்று காலையில்தான் மீன் கடைப் பலகையில் தலையை இடித்துக்கொண்டாராம். கடைசியில் எழுந்து நின்று கேட்டார்: “டீச்சர், எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க. இங்க மருந்து போடுவாங்களா, இல்ல பேசியே அனுப்பிடுவீங்களா?”

கோப்பி ஓ

அந்தப் பிளாஸ்திரிக்காரர் மார்க்கெட் முழுக்க எங்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் ஒவ்வொரு குடும்பமாக வர ஆரம்பித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொன்னது, பொறுமையாக இருங்கள், அவர்களுக்காக நீங்கள் பேசாதீர்கள் என்பதுதான். சொல்லிவிட்டு வகுப்பு முடிந்ததும் சூசையை எதிரில் இருந்த ஒட்டுக்கடைக்கு அழைத்துப் போவேன். கடைக்காரர் காசிம் பாய் வந்து நின்றதும், “இவருக்கு ஒரு கோப்பி ஓ” என்று நானே சொல்லிவிடுவேன். அடிபடுவதற்கு முன் அவர் குடித்தது அந்தப் பாலில்லாத கோப்பிதான். சூசை வாயைத் திறப்பார், மூடுவார். நான் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இருபது வருடம் பள்ளியில் பிள்ளைகள் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தே பழகியவள் நான். வீட்டிலும் அதையே செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே வரவில்லை. காசிம் பாய் வந்து நின்றார். நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சூசை மேசையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் நரம்பு புடைத்தது. காசிம் பாய் வேறு மேசைக்குப் போகாமல் துண்டைத் தோளில் போட்டபடி நின்றார். ரொம்ப நேரம் கழித்து, “தே... தாரிக்” என்று வந்தது, நுரைக்க ஆத்தின பால் டீ. அடிபட்டதிலிருந்து அவருக்குக் கோப்பி கசந்திருக்கிறது. நான் இரண்டு வருடமாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காசிம் பாய் என்னைப் பார்த்துக் கேட்டார்: “அக்கா, அப்ப இவ்ளோ நாளு நான் ஆத்துன கோப்பியெல்லாம் யாருக்குலா?”

சாவு வீட்டில் சிரித்தவர்

அடுத்த வாரமே வகுப்பில் சட்டம் போட்டேன். அடிபட்டவர் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு விரலாக மெதுவாக மடக்க வேண்டும். பத்தும் மடங்கிய பிறகுதான், “உதவி வேணுமா?” என்று கேட்கலாம். அப்போதும் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது. யாருக்கு வேண்டுமானாலும் எளிதில் வரும் என்று நினைப்பீர்கள். இன்று ராத்திரி சாப்பிடும்போது செய்து பாருங்கள், மூன்றாவது விரலில் நாக்கு துடிக்கும்.

சட்டத்தை மீறாத ஒரே ஆள் லெட்சுமி அக்கா. கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ், ஃபெரி, மறுபடி பஸ் என்று மாறி மாறி வருகிறவர். அவர் புருஷன் கோவிந்தன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர். கோவிந்தனுக்குப் பேச்சுக்குக் குறைவில்லை. சிரிப்புதான் கேட்காமல் வரும், அதுவும் வரக்கூடாத இடத்தில். லெட்சுமி அக்காவின் மாமா செத்த வீட்டில், பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் இவர் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே தள்ளப் போயிருக்கிறார்கள். அடிபட்டதால் வரும் சிரிப்பு, அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பது என் பாடம். லெட்சுமி அக்கா என் பாடத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுக் குறுக்கே போய் நின்றாராம். நின்று சொன்னதை எங்களுக்கு வகுப்பில் அப்படியே சொல்லிக் காட்டினார்: “மாமா படுத்த படுக்கையா கெடந்தப்ப வாராவாரம் வந்து காலு புடிச்சி விட்டது இவரு ஒருத்தருதான். இவரு சிரிக்கலாம். நீங்க அப்ப வந்து பாத்திருந்தா நீங்களும் சிரிங்க.”

ரெண்டு டிக்கெட்

முத்தையா அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்த அடியில் புது ஞாபகம் எதுவும் தங்காமல் போய்விட்டது. காலையில் பசியாறியது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் ஆயர் ஈத்தாமிலிருந்து டவுன் வரைக்கும் உள்ள ஒவ்வொரு பஸ் நிறுத்தமும் மனப்பாடம். சூசை எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டிலிருந்து தனியாக வகுப்புக்கு வர ஆசைப்பட்டார். எனக்குப் பயம். அவருக்கு வழி தெரியும், ஆனால் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வராது. முத்தையா அண்ணனுக்குப் பதில் சொல்ல வரும், ஆனால் எங்கே போகிறோம் என்பது பாதி வழியில் மறந்துவிடும். இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை. முத்தையா அண்ணன் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு வருவார். இறங்க வேண்டிய இடத்தில் சூசை அவர் சட்டையைப் பிடித்து இழுப்பார். ஒரு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் புதிதாக வந்த கண்டக்டர் இவர்களைக் கவனித்துவிட்டு, “ரெண்டு பேரும் சேந்தாதான் ஒரு ஆளு போல. ஒரு டிக்கெட் போதும்லா” என்று கிண்டல் செய்திருக்கிறான். பஸ் முழுக்கச் சிரிப்பு. மறக்கிற முத்தையா அண்ணன் இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் வகுப்பில் வந்து சொன்னார். சூசை வழியெல்லாம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, டிக்கெட்டைக் காட்டிக் காட்டி ஞாபகப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார். கண்டக்டருக்கு முத்தையா அண்ணன் கொடுத்த பதில் இதுதான்: “நானும் இந்த வேல பாத்தவன்தான் தம்பி. ஆளுக்கு ஒரு டிக்கெட். ரெண்டு குடு.”

முதல் தடவை கேட்பவர்

மேடை ஏறுகிற ஆசையை சூசை விடவில்லை. வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடம் அவருக்கு. ஒரு வாசகத்தில் பன்னிரண்டு வரியை எடுத்துக்கொண்டு வாரா வாரம் எல்லார் முன்னாலும் நின்று வாசிப்பார். நாங்கள் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நாலாவது வரியில் ‘வனாந்தரத்தில்’ என்று ஒரு சொல். ஒவ்வொரு வாரமும் அங்கே வந்து நின்றுவிடும். சில நாள் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விடுவார்.

ஏழாவது வாரம் எங்களுக்கே அலுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். ஒரே பன்னிரண்டு வரியை எத்தனை தடவை கேட்பது. முத்தையா அண்ணன் ஒருத்தர்தான் ஒவ்வொரு வாரமும் முன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து, அடுத்து என்ன வருமோ என்று காத்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்துதான் சூசை மறுபடி புத்தகத்தைத் திறப்பார். எட்டாவது வாரம் எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசி வரிக்கு வந்துவிட்டார். முத்தையா அண்ணன் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ரொம்ப நல்லா இருக்கு அண்ணே. இப்பதான் மொத தடவ கேக்கறேன்.”

சேவியரின் கைக்கடிகாரம்

கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் சேவியர் நல்ல மனிதர். கூட்டம் என்றால் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பார். சூசைக்கு ஒரு ஞாயிறு வாசகம் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், எட்டரைக்கு நம்ம பூசை முடிஞ்சாத்தான் ஒம்பதுக்கு இங்கிலீஷ் பூசை. அதோட ஆளுங்க சங்கடப்படுவாங்க. அவரும் பாவம், ரெஸ்ட் எடுக்கட்டுமே” என்றார். சூசை என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கொதித்தது. ரெஸ்ட் எடுப்பதற்காக ஒருவர் பத்தொன்பது நாள் தூங்கி எழுந்து வரவில்லை. சண்டை போட்டிருப்பேன். சூசை என் முழங்கையை அழுத்தினார். அதனால், “சனிக்கிழமை ஒரு தரம் எங்க வகுப்புக்கு வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னேன்.

கூப்பிட்ட மரியாதைக்கு வந்தார். விரல் மடக்கும் சட்டத்தைச் சொன்னோம். சூசை முதல் சொல்லில் நின்றதும் இரண்டாவது விரலிலேயே சேவியர் எடுத்துக்கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவை நாலாவது விரலில். மூன்றாம் தடவை அவரே வாயைப் பொத்திக்கொண்டார். வாசித்து முடிய ஒன்பது நிமிடம் ஆனது. “எனக்குப் புரியுது டீச்சர், ஆனா கோயில்ல எல்லாரும் பொறுப்பாங்களா?” என்று மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை சும்மா இருந்த லெட்சுமி அக்கா நெற்றிக் குங்குமத்தோடு எழுந்தார். அவருக்கு எங்கள் கோயிலும் தெரியாது, பேரவையும் தெரியாது: “ஐயா, தைப்பூசத்துக்கு ஒரு காவடி மலை ஏறுற வரைக்கும் நாங்க வெயில்ல அரை நாளு நின்னு பாப்போம். உங்க ஆளுங்க ஃபேனுக்குக் கீழ உக்காந்துகிட்டு ஒம்பது நிமிஷம் காது குடுக்க மாட்டாங்களா?”

நாலாவது வரி

ஃபாதரும் சேவியரும் பேசி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தார்கள். வகுப்பே திரண்டு வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தது. கோவிந்தன் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, “சிரிச்சா சிரிக்கட்டும் டீச்சர், சாமி கேக்காத சிரிப்பா?” என்றார் லெட்சுமி அக்கா. சேவியர் எதிர்ப் பக்கம் முழங்காலில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூசை வெள்ளைச் சட்டையில், இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, மேடையில் ஏறினார். முதல் மூன்று வரியும் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தன. குரல் பழைய குரல்தான். நாலாவது வரியில், “வ...” என்று நின்றது.

ஒரு விரல். இரண்டு. மூன்று. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. நாலு. அவர் நெற்றியில் அதே நரம்பு. ஐந்து. பின்னால் யாரோ பெஞ்சில் அசைந்தார்கள். ஆறு. இப்போது இறங்கிவிட்டால் இனி வாழ்நாளில் ஏறமாட்டார் என்று நினைத்தேன். ஏழாவது விரலில் என் வாய் திறந்துகொண்டது. “வனாந்தரத்தில்!” என்று, வகுப்பறைக் குரலில், கோயில் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். இந்தச் சட்டத்தைப் போட்டவளே நான்தான்.

சூசை தலையை நிமிர்த்தினார். என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். மைக்குக்கு முன்னால், கடைசி பெஞ்சுக்கும் கேட்க, “பிலோ... எனக்குத்... தெரியும். நீ... பொறு” என்றார். கோவிந்தன் மட்டும் சிரித்தார், அதுவும் சரியான இடத்தில். சூசை மறுபடி குனிந்து விரலால் வரியைத் தேடிப் பிடித்து, “வனா... ந்தரத்தில்” என்று தானாகவே சொன்னார். அங்கிருந்து பன்னிரண்டாவது வரி வரைக்கும் நின்று வாசித்தார். முடித்ததும் எல்லாரும் சொல்ல வேண்டிய “இறைவா உமக்கு நன்றி” அன்றைக்குக் கூரையைத் தொட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. என்னை வாயை மூடச் சொல்ல அவருக்குச் சொல் கிடைத்துவிட்டது, அதுவும் ஊரே கேட்கும்படி. அடுத்த மாதமும் அவருக்கு ஒரு வாசகம் உண்டு என்று பட்டியலில் பேர் ஏறிவிட்டது. வெளியே வாசலில் சேவியர் என்னைப் பிடித்து நிறுத்தினார். கையில் கடிகாரம் இல்லை, சட்டைப் பைக்குள் கிடந்தது. இரண்டு கை விரலையும் என் முகத்துக்கு நேரே மடக்கிக் காட்டினார்: “டீச்சர், நான் பத்தும் மடக்குனேன்லா. நீங்க எத்தன மடக்குனீங்க?”

இத்தனை வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது, அதில் நானே இன்னும் தேறவில்லை என்பதற்கு என் வீட்டுக்காரர் சாட்சி, வேண்டுமானால் அவரையே கேளுங்கள், ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் நிற்க வேண்டும்.